பீமு, பிரேக்கு, பவரு: ஆங்கிலச் சொல்லை அளக்கும் தமிழ்க் காது

பள்ளிபாளையம் காவிரியின் கிழக்குக் கரையில், ஈரோட்டுக்கு நேர் எதிரே இருக்கும் விசைத்தறி ஊர். அதன் தொழில்மொழியில் இரண்டு தலைமுறைச் சொற்கள் கலந்து புழங்குகின்றன. தறி, பாவு, ஊடை, நாடா, தார் ஆகியவை கைத்தறிக் காலத்துச் சொற்கள். பவர்லூம், பீம், ஷட்டில், பாபின், டாபி, சைசிங், ரேயான், பாலியஸ்டர் ஆகியவை மோட்டாரோடும் மில்லோடும் வந்தவை. பின்னால் வந்த சொற்களில் பல, ஊர் வாயில் உருமாறின. பீம் 'பீமு' ஆயிற்று. செட் 'செட்டு', மில் 'மில்லு', பிரேக் 'பிரேக்கு' என்று ஆயின. ஆங்கில அகராதியைப் பார்த்தால் இந்த நான்கு சொல்லுக்கும் தலைக்கு ஒரு சிலபிள்தான். பள்ளிபாளையத்தில் பீமுக்கு இரண்டு, பிரேக்குக்கு மூன்று.

இதை உச்சரிப்புக் குறை என்று ஒதுக்குவது ஆங்கில வகுப்புகளின் வழக்கம். ஆனால் சிலபிளை எண்ணும் முறை ஒன்று தமிழ் யாப்பில் தொல்காப்பியத்திலிருந்தே இருக்கிறது. அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் பீமுவிலும் பிரேக்கிலும் தெரிவது ஓர் ஒழுங்கு. ஆங்கிலச் சொல்லில் சிலபிளை எண்ணுவதும் பிரிப்பதும் இரு வேறு வேலைகள் என்பதும் அப்போது விளங்கும். முதல் வேலை காதுக்கு உரியது. இரண்டாவது வேலையில் ஒவ்வொரு மொழியின் மரபும் கைவைக்கிறது.

எழுத்தை நம்பினால் கணக்குத் தப்பும்

சிலபிள் என்பது ஓர் உயிரொலியை உச்சியாகக் கொண்டு ஒலிக்கும் துண்டு. உயிருக்கு முன்னும் பின்னும் மெய்கள் சேரலாம், சேராமலும் இருக்கலாம். இன்றைய தமிழ் மொழியியல் நூல்கள் இதை 'அசை' என்றே எழுதுகின்றன. யாப்பிலக்கணத்தின் அசை வேறு அளவு என்பதால் இந்தக் கட்டுரையில் சிலபிள் என்ற சொல்லே வருகிறது.

ஆங்கிலத்தில் எழுத்தின் எண்ணிக்கைக்கும் சிலபிளின் எண்ணிக்கைக்கும் தொடர்பு தளர்வானது. 'ஸ்ட்ரெங்த்ஸ்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் ஒன்பது எழுத்தால் எழுதுகிறார்கள், சிலபிள் ஒன்றே. 'ஏரியா'வுக்கு நான்கே எழுத்து, சிலபிள் மூன்று. எழுதியதையெல்லாம் ஒலிப்பதும் இல்லை. நம் கடைவீதியில் 'பிசினஸ்' மூன்று துண்டாக ஒலிக்கிறது. எழுத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆங்கிலேயர் அதை 'பிஸ்னஸ்' என்று இரண்டில் முடித்துவிடுகிறார். சாக்லேட்டில் இது தலைகீழ். எழுத்தில் மூன்று சிலபிளுக்கு இடம் இருந்தும் தமிழர் வாய் 'சாக்-லேட்' என்று இரண்டாகச் சொல்கிறது. ஆங்கிலேயர் பேச்சிலும் பெரும்பாலும் இரண்டே.

சிலபிள் உடம்பில் எங்கே இருக்கிறது என்று ஒலியியலாளர்கள் தேடிப் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு சிலபிளுக்கும் மார்புத் தசைகள் ஒருமுறை துடிக்கின்றன என்று அமெரிக்கரான ஆர். எச். ஸ்டெட்சன் 1928-இல் எழுதினார். பீட்டர் லாடிஃபோகட் தம் சக ஆய்வாளர்களுடன் விலா எலும்புத் தசைகளின் மின்னோட்டத்தையே பதிவு செய்து பார்த்து, அப்படி ஒன்றுக்கு ஒன்று பொருத்தம் இல்லை என்று 1958-இல் காட்டினார். இதற்கு முன்பே ஜெர்மனியின் எடுவர்ட் ஸீவர்ஸும் டென்மார்க்கின் ஓட்டோ யெஸ்பர்சனும் வேறொரு விளக்கம் தந்திருந்தார்கள். ஒலிகளுக்குள் முழக்கத்தில் ஏற்றத்தாழ்வு உண்டு. உயிர் உச்சியில் நிற்கும்; ய, ர, ல போன்றவை அதற்கு அடுத்த படி; மூக்கொலிகள் அதற்கும் கீழே; க, ட, ப போன்ற வல்லொலிகள் அடிமட்டம். ஒரு சொல்லின் முழக்கம் எத்தனை முறை ஏறி இறங்குகிறதோ அத்தனை சிலபிள். இன்றும் பாடநூல்களில் நிற்பது பெரும்பாலும் இந்த விளக்கமே. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பரவலாகப் படிக்கப்படும் டி. பாலசுப்பிரமணியனின் ஆங்கில ஒலியியல் பாடநூல் (1981) இந்தப் பின்னணியை இந்திய மாணவர்களுக்காக விளக்கும் நூல்.

ஒற்று நீக்கி எண்ணுதல்

தொல்காப்பியச் செய்யுளியல் அடிகளை எழுத்தெண்ணி வகைப்படுத்துகிறது. 4 முதல் 6 எழுத்து வரை குறளடி. 7 முதல் 9 வரை சிந்தடி. 10 முதல் 14 வரை நேரடி. 15 முதல் 17 வரை நெடிலடி. 18 முதல் 20 வரை கழிநெடிலடி. எண்ணும்போது உயிர் இல்லாத எழுத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று ஒரு நூற்பா விதிக்கிறது. உயிரைப் போலத் தானே இயங்கும் ஆற்றல் ஒற்றுக்கு இல்லை என்று காரணமும் சொல்கிறது. ஒற்றை நீக்கிவிட்டால் மிஞ்சுவது உயிரும் உயிர்மெய்யும். ஒவ்வொன்றிலும் ஓர் உயிர். அப்படியானால் அங்கே எண்ணப்படுவது சிலபிளே.

பிற்காலத்தில் இந்த எண்ணிக்கை கட்டளைக் கலித்துறையில் கறாரான சட்டமாயிற்று. நேரசையில் தொடங்கும் அடிக்கு ஒற்று நீக்கி 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17. அபிராமி அந்தாதியும் அருணகிரிநாதரின் கந்தரலங்காரமும் இந்த யாப்பில் அமைந்தவை. யாப்பின் பாடநூலான யாப்பருங்கலக்காரிகையும் இதே யாப்பில்தான் எழுதப்பட்டது. கந்தரலங்காரத்தில் போற்றப்படும் திருச்செங்கோட்டு மலை பள்ளிபாளையத்துக்குத் தொலைவில் இல்லை. அந்தப் பாடல்களை மனப்பாடமாகச் சொல்லும் பாட்டி, அடிக்கு 16 அல்லது 17 சிலபிள் என்ற கணக்கை அறியாமலே நாவில் வைத்திருக்கிறார்.

இந்தக் கணக்கு எளிதாவதற்குப் புள்ளி ஒரு காரணம். தேவநாகரியில் 'சத்ய' என்று எழுதும்போது தகரமும் யகரமும் பிணைந்து ஒரே கூட்டெழுத்தாகின்றன. எழுத்து 'ச' என்றும் 'த்ய' என்றும் பிரிகிறது. ஒலியோ 'சத்' என்றும் 'ய' என்றும் பிரிகிறது. தமிழில் மெய் தலையில் புள்ளியோடு தனியே நிற்பதால், புள்ளி வைத்த எழுத்தை அடித்துவிட்டு மிச்சத்தை எண்ணினால் போதும். பள்ளிபாளையம் என்பதில் ஏழு எழுத்து. ள், ம் இரண்டையும் அடித்தால் ஐந்து. பள்-ளி-பா-ளை-யம்: சிலபிளும் ஐந்து.

ஆங்கிலச் சொல்லைக் காதில் விழுகிறபடி தமிழ் எழுத்தில் எழுதினாலும் இதே முறை பெரும்பாலும் பலிக்கிறது. ஸ்ட்ரெங்த்ஸ் என்பதில் புள்ளிகளை அடித்தால் 'ரெ' ஒன்றே மிஞ்சும். ஏரியாவில் மூன்று. ரேயானில் இரண்டு, காட்டனில் இரண்டு, பாலியஸ்டரில் நான்கு. எல்லாமே ஆங்கில அகராதியோடு ஒத்துப்போகின்றன. ஷட்டில், பாட்டில், பட்டன் ஆகியவை இன்னும் சுவையானவை. ஆங்கிலப் பேச்சில் இவற்றின் இரண்டாம் சிலபிளில் தெளிவான உயிர் கிடையாது. லகரமோ னகரமோ உயிரின் இடத்தில் தானே உட்கார்ந்துகொள்கிறது. தமிழ்க் காது அங்கே ஓர் உச்சி இருப்பதைச் சரியாகக் கேட்டுவிட்டு, அந்த இடத்தில் இகரத்தையோ அகரத்தையோ நட்டுவிட்டது. சேர்த்தது புது உயிர்; எண்ணிக்கை மாறவில்லை.

முறை பிசகும் இடங்களையும் வகைப்படுத்தலாம். அவை நான்கு. முதலாவது, ஈருயிர் ஒலிகள். ஐகாரத்துக்குத் தமிழில் எழுத்து உண்டு. ஆகவே 'டைம்', 'லைன்' சரியாக ஒன்று வருகின்றன. 'பெயிண்ட்', 'ஹவுஸ்' ஆகியவற்றில் ஒரே ஈருயிரை இரண்டு எழுத்தால் எழுத நேர்கிறது. கணக்கு இரண்டு காட்டும்; உண்மையில் ஒன்று. இரண்டாவது, யகரச் சாயல். வரிசையைக் குறிக்கும் 'கியூ' எழுத்தில் இரண்டு, ஒலியில் ஒன்று. மூன்றாவது, சொல்முதல் மெய்க்கூட்டத்தை உடைக்கும் இகரம்: பிரேக், கிளட்ச். நான்காவது, சொல்லின் இறுதியில் சேரும் உகரம்: செட்டு, ரோடு. இந்த நான்கையும் கழித்துவிட்டால் எட்டு வயதுக் குழந்தைகூட அகராதி இல்லாமல் பெரும்பாலான ஆங்கிலச் சொற்களை எண்ணிவிடலாம்.

கூடிவரும் உயிர்கள்

மூன்றாவது, நான்காவது பிசகுகளைத்தான் 'பள்ளிபாளையத்து இங்கிலீஷ்' என்று கேலி செய்கிறார்கள். அவற்றின் காரணம் தொல்காப்பிய எழுத்ததிகாரத்திலேயே இருக்கிறது. தமிழ்ச் சொல்லின் இறுதியில் நிற்கத்தக்க மெய்கள் 11: ஞ், ண், ந், ம், ன், ய், ர், ல், வ், ழ், ள். இவற்றில் வல்லினம் ஒன்றுகூட இல்லை. ஆகவே டகரத்தில் முடியும் செட்டும் ககரத்தில் முடியும் பிரேக்கும் உகரத்தைத் துணைக்கு அழைக்கின்றன. சொல்முதலிலும் கட்டுப்பாடு உண்டு. தனிமெய் சொல்லைத் தொடங்காது. ட, ர, ல வரிசைகளும் பழைய விதிப்படி முதலில் வாரா. லூம், ரேயான், டாபி என்று தறிக்கூடத்தின் பாதி அகராதி இந்த விதியை மீறிக்கொண்டுதான் ஓடுகிறது. வடசொற்கள் வந்த காலத்தில் விதி இன்னும் இறுக்கமாக இருந்தது. ராமன் இராமனானதும் லாபம் இலாபமானதும் ரங்கம் அரங்கமானதும் அப்போது நடந்தவை. இந்த மாற்றத்துக்கு நன்னூலில் பவணந்தி முனிவர் விதி எழுதினார். அவரைப் பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரத்தவர் என்று கொங்கு நாட்டு மரபு உரிமை கொண்டாடுகிறது.

ராபர்ட் கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில், திராவிட மொழிகளின் சிலபிள் அமைப்பு மிக எளியது, மெய்கள் கூடி நிற்பதை அது விரும்பாது என்று எழுதினார். சொல்லின் தொடக்கத்துக்கு அது முழுக்கப் பொருந்தும். நடுவில் முழுக்கப் பொருந்தாது. 'வாழ்ந்தான்' என்பதில் முதல் சிலபிள் 'வாழ்ந்'. அதன் வாலில் இரண்டு மெய். பார்த்தான், வாழ்க்கை ஆகியவையும் அப்படியே. தமிழுக்கு மெய்க்கூட்டம் என்றாலே ஆகாது என்று சொல்வதைவிட, மெய்க்கூட்டம் எங்கே நிற்கலாம் என்பதில் தமிழ் கண்டிப்பானது என்று சொல்வதே சரி.

உகரம் சேரும் விதத்தைக் கவனித்தால் இந்தக் கண்டிப்பு துலங்கும். 'பஸ்' என்பது 'பஸ்ஸு' ஆகிறது, மெய் இரட்டிக்கிறது. 'பீம்' என்பது 'பீமு' ஆகிறது, இரட்டிப்பு இல்லை. மில்லு, செட்டு ஒருபுறம். லூமு, கோனு மறுபுறம். இது தமிழ்ப் பேச்சின் சொந்த விதி. பல் 'பல்லு' ஆகும், கண் 'கண்ணு' ஆகும். ஆனால் நாள் 'நாளு', மீன் 'மீனு'. குறிலுக்குப் பின் இரட்டிக்கும், நெடிலுக்குப் பின் இரட்டிக்காது. ஆங்கிலச் சொல்லை நாக்கு இதே அச்சில் வார்க்கிறது.

இனி இந்த உருமாறிய சொற்களை அசையால் அளந்து பார்ப்போம். பள்ளியில் நாம் படிப்பது நேர், நிரை என்ற இரண்டு அசை. தொல்காப்பியம் நான்கு சொல்கிறது: நேர், நிரை, நேர்பு, நிரைபு. நேரசையின் பின் உகரம் வந்து ஒட்டினால் இரண்டும் சேர்ந்து நேர்பு என்ற ஓரசை. நிரையின் பின் ஒட்டினால் நிரைபு. வண்டு நேர்பு, குரங்கு நிரைபு. குற்றியலுகரம், முற்றியலுகரம் இரண்டுக்கும் இது பொருந்தும். தனிக்குறிலின் பின் வரும் உகரம் மட்டும் விலக்கு. அங்கே இரு குறிலும் இணைந்து நிரையாகிவிடும்.

இந்தத் தராசில் பீமு நேர்பு. மில்லு, செட்டு, பஸ்ஸு, ரோடு, லூமு அனைத்தும் நேர்பு. பிரேக்கு என்பதில் 'பிரேக்' குறிலும் நெடிலும் ஒற்றும் சேர்ந்த நிரை. உகரம் ஒட்டியதால் நிரைபு. கிளட்சு, பிரஸ்ஸு, கிரேனு ஆகியவையும் நிரைபு. ஆங்கிலத்தில் ஒரு சிலபிள் உள்ள சொல் தமிழ் வாயில் இரண்டாகவும் மூன்றாகவும் பெருகியது போல் தோன்றினாலும், தொல்காப்பியர் கணக்கில் அது ஓரசையாகவே நிற்கிறது. பஸ்ஸில் சகரம் இரட்டித்ததற்கும் இப்போது ஒரு பயன் தெரிகிறது. இரட்டிக்காமல் 'பசு' என்றிருந்தால் தனிக்குறில் விலக்கில் சிக்கி நிரையாகியிருக்கும். இரட்டிப்பு முதல் துண்டின் கனத்தைக் காத்து, உகரத்தை ஒட்டுறுப்பாக வைத்துவிட்டது.

தொல்காப்பியர் செய்யுளுக்காகச் சொன்னதைத் தறிக்கூடத்துப் பேச்சுக்கு இழுப்பது தகுமா என்று கேட்கலாம். நேர்பும் நிரைபும் பேச்சு ஓசையைக் கேட்டு வகுத்த அளவுகள். இறுதி உகரம் ஒரு முழு எழுத்தின் கனத்தோடு ஒலிப்பதில்லை என்ற உணர்வு அவற்றுக்கு அடிப்படை. குற்றியலுகரத்துக்கு அரை மாத்திரை என்று இலக்கணம் கணக்கிடுவதும் அதனால்தான். காரிகை முதலான பிற்கால நூல்கள் நேர்பு, நிரைபை நேர்நேர், நிரைநேர் என்று பிரித்துவிட்டன. ஆனாலும் வெண்பாவின் கடைசிச் சீரில் காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளாக அவை தப்பிப் பிழைத்தன. குறளை ஓதும் எவரும் அந்தக் கடைசி உகரம் எவ்வளவு மெலிந்தது என்பதை அறிவார்.

ஒரு தொகுதி மட்டும் இந்த ஒழுங்குக்கு அடங்கவில்லை: சகரம் முன்னே நிற்கும் மெய்க்கூட்டம். பிரேக்கில் இகரம் இரு மெய்க்கும் நடுவில் நுழைகிறது. ஸ்கூல் 'இஸ்கூல்' ஆகும்போது இகரம் முன்னால் போய் நிற்கிறது, அசை இரண்டாகிவிடுகிறது. ஸ்டேஷன் 'டேசன்' ஆகும்போது சகரமே உதிர்ந்து எண்ணிக்கை காக்கப்படுகிறது. இந்த வேற்றுமைக்கு முழக்கப் படிகள் காரணம் சொல்கின்றன. பகரத்திலிருந்து ரகரம், ரகரத்திலிருந்து உயிர் என்று பிரேக்கில் முழக்கம் சீராக ஏறுகிறது. ஸ்கூலில் சகரத்திலிருந்து ககரத்துக்கு ஒருமுறை இறங்கிவிட்டுத்தான் ஏறுகிறது. ஆங்கிலத்திலேயே இது விதிவிலக்கான கூட்டம் என்று மொழியியலாளர்கள் தனியாக வைத்து விவாதிக்கிறார்கள். அந்தச் சிக்கலை ஊர்க்காரர் காதும் தனியாகவே கேட்டிருக்கிறது.

ஒன்றா, இரண்டா: பவர்

எண்ணுவது காதின் வேலை என்றால் காதுகள் எப்போதும் ஒத்துப்போகுமா? பள்ளிபாளையத்தின் தொழிலுக்கே பெயர் தந்த சொல்லில் அவை ஒத்துப்போகவில்லை. 'பவர்' என்பது கவனமான ஆங்கில உச்சரிப்பில் இரண்டு சிலபிள். தென் இங்கிலாந்தின் வேகமான பேச்சில் நடு ஒலி தேய்ந்து ஒன்றாகிவிடும். ஜே. சி. வெல்ஸ் 1990-இல் வெளியிட்ட உச்சரிப்பு அகராதி இப்படி ஒடுங்கும் சொற்களுக்கென்றே தனிக் குறி வைத்தது. 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர்கள் யாப்புக்கு ஒரு சிலபிள் வேண்டியபோது நடு உயிரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அப்பாஸ்ட்ரஃபி குறி இட்டு எழுதினார்கள். ஃபயர், ஹவர் ஆகியவையும் இந்த இனம். இவற்றை இரண்டென்றும் ஒன்றென்றும் சொல்லலாம். பேசுபவரின் ஊரும் வேகமும் அதை முடிவு செய்கின்றன. தேர்வுத்தாளில் 'பவர் என்பதில் எத்தனை சிலபிள்' என்று கேட்டு ஒற்றை விடை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

தமிழில் இந்த ஊசலாட்டம் இல்லை. பவர் என்பது குறிலிணை ஒற்று: ஒரு நிரை. பவரு என்றால் நிரைபு. இங்கும் அசைக் கணக்கு ஒன்றிலேயே நிற்கிறது.

எங்கே வெட்டுவது

எண்ணிக்கையில் உடன்பட்டவர்களும் பிரிப்பதில் முரண்படுகிறார்கள். பள்ளிபாளையத்தையே எடுத்துக்கொள்வோம். பொருள் நோக்கிப் பிரித்தால் பள்ளி, பாளையம். பள்ளி தேமா, பாளையம் கூவிளம். ஒரே சீராகக் கொண்டு ஓசை நோக்கி அலகிட்டால் பள்-ளிபா-ளையம்: நேர், நிரை, நிரை, கூவிளங்கனி. இரண்டாவது பிரிப்பில் 'பள்ளி' உடைந்து அதன் பாதி பாளையத்தோடு போகிறது. ஐந்து சிலபிள் என்பதில் சந்தேகமில்லை. கோடு எங்கே விழும் என்பது எதற்காகப் பிரிக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

ஆங்கிலத்தின் சண்டையும் இதுவே. 1740-இல் வந்த தாமஸ் டில்வொர்த்தின் எழுத்துப் பாடநூல் மெய்யை அடுத்த சிலபிளுக்குத் தள்ளியது. வழக்கம் என்று பொருள்படும் சொல்லை 'ஹா-பிட்' என்று வெட்டியது. நோவா வெப்ஸ்டர் 1783-இல் வெளியிட்ட பாடநூலில் இதை எதிர்த்து, காதில் கேட்பது 'ஹாப்-இட்' என்று எழுதினார். அமெரிக்க அச்சகங்கள் ஒலிவழியைப் பற்றிக்கொண்டன. பிரிட்டிஷ் அச்சகங்கள் சொல்லின் வேரைப் பார்த்தன. அறிவு என்ற பொருள் தரும் 'நாலெட்ஜ்' அமெரிக்காவில் லகரத்துக்குப் பின் உடைகிறது. பிரிட்டிஷ் மரபில், அறி என்ற பொருளுள்ள 'நோ' சிதையாதபடி லகரத்துக்கு முன் உடைகிறது. கணினி வந்த பிறகு ஸ்டான்ஃபோர்டில் ஃபிராங்க்ளின் லியாங் 1983-இல் ஒரு வழி கண்டார். விளக்கத்தைத் தேடாமல் அகராதியிலிருந்தே 4,447 எழுத்துக் கோலங்களைச் சலித்தெடுத்தார். அவை அகராதியின் பிரிப்பிடங்களில் சுமார் 89 சதவீதத்தைக் கண்டுபிடித்தன. வரி முடிவில் சொல்லை உடைக்க அதுவே போதுமானதாயிற்று.

தமிழ் அச்சகத்துக்கு இத்தனை கோலங்கள் தேவைப்படவில்லை. புள்ளி வைத்த எழுத்து வரியைத் தொடங்கக் கூடாது. மற்றபடி எங்கே வேண்டுமானாலும் உடைக்கலாம். யாப்பும் இதையே சொல்கிறது. ஒற்று எப்போதும் முந்தைய அசையோடு சேரும், இரண்டு ஒற்று வந்தாலும் அப்படியே. ஆங்கிலத்தின் போக்கு இதற்கு எதிர்த்திசை. சொல்லின் முதலில் நிற்கத்தக்க மெய்க்கூட்டம் நடுவில் வந்தால், கூடியவரை அதைப் பின்னால் வரும் உயிரிடம் ஒப்படைத்துவிடும். 'கண்ட்ரோல்' என்பதை நாம் கண்ட்-ரோல் என்கிறோம். ஆங்கிலேயர் கன்-ட்ரோல் என்கிறார். இது வெறும் கோட்டுப் பிரச்சினை என்று தள்ளிவிட முடியாது. காதில் வித்தியாசம் விழும். உப்பு வகையான 'நைட்ரேட்', இரவுக் கட்டணமான 'நைட் ரேட்' இரண்டையும் தமிழில் ஒரே மாதிரி ஒலித்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் முதலாவதில் டகரம் ரகரத்தோடு ஒட்டி மூச்சோடு வெடிக்கிறது. இரண்டாவதில் முந்தைய சிலபிளின் வாலில் அடங்கிவிடுகிறது.

இன்னொரு சிக்கலுக்கு ஊர்ப் பெயரைத் தாங்கிய உணவே எடுத்துக்காட்டு. தேங்காய்ப் பல்லும் வரமிளகாயும் சின்ன வெங்காயமும் போட்ட பள்ளிபாளையம் சிக்கன் தமிழ்நாடு முழுக்கப் பிரபலம். 'சிக்கன்' என்ற ஆங்கிலச் சொல்லில் ககரம் ஒன்றே ஒலிக்கிறது. அது எந்தப் பக்கம் சேரும்? பின்னால் தள்ளினால் முதல் சிலபிள் குறிலில் முடிந்து அழுத்தத்தைத் தாங்காது. முன்னால் இழுத்தால் பின் சிலபிள் மெய்யின்றித் தொடங்கும். டேனியல் கான் 1976-இல் எம்.ஐ.டி.யில் சமர்ப்பித்த ஆய்வேட்டில், இப்படிப்பட்ட மெய் இரு சிலபிளுக்கும் பொது என்று வாதிட்டார். தமிழ் வாய் 'சிக்-கன்' என்று சொல்லி ஆளுக்கொரு ககரம் கொடுத்துவிட்டது. இரட்டித்ததற்குக் காரணம் வேறு. உயிர்களுக்கு நடுவே ஒற்றைக் ககரம் வந்தால் தமிழில் மெலிந்துவிடும். வல்லொலியைக் காக்க இரட்டிக்க வேண்டும். பேப்பர், டிக்கெட், ரப்பர் எல்லாம் அப்படி வந்தவையே. காரணம் எதுவானாலும், ஆங்கிலத்தில் கோடு போட முடியாமல் தவித்த இடத்தில் தமிழில் கோடு தெளிவாக விழுகிறது.

வகுப்பறைக்கு என்ன பயன்

சிலபிளை எண்ணுவது வெறும் பொழுதுபோக்கு ஆகாது. ருடால்ஃப் ஃபிளெஷ் 1948-இல் வகுத்த வாசிப்பு எளிமைச் சூத்திரம், ஓர் ஆங்கிலப் பத்தி எவ்வளவு கடினம் என்பதை இரண்டே அளவால் கணிக்கிறது: வாக்கியத்துக்கு எத்தனை சொல், சொல்லுக்கு எத்தனை சிலபிள். குழந்தைகளின் வாசிப்பிலும் சிலபிள் முன்னதாக வருகிறது. இசபெல் லிபர்மன் குழுவினர் 1974-இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு வயதுக் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் சொல்லைச் சிலபிளாகத் தட்டிக் காட்டினார்கள். தனி ஒலிகளாகப் பிரிக்க அந்த வயதில் ஒருவராலும் இயலவில்லை. கன்னட வழிக் குழந்தைகளிடம் சோனாலி நாக் செய்த ஆய்வுகள், இந்திய எழுத்துமுறைகளில் படிப்பவர்களுக்குச் சிலபிள் உணர்வு விரைவில் கைவருவதையும் தனி ஒலி உணர்வு மெல்லவே வளர்வதையும் காட்டின.

அப்படியானால் பள்ளிபாளையத்துப் பிள்ளை ஆங்கில வகுப்புக்கு வெறுங்கையோடு வரவில்லை. ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளை உருப்போடவைப்பதற்கு முன், அதைக் கேட்டபடி தமிழில் எழுதச் சொல்லலாம். புள்ளி எழுத்துகளை அடிக்கச் சொல்லலாம். ஈருயிர், யகரச் சாயல், நடுவில் நுழைந்த இகரம், கடைசி உகரம் என்ற நான்கையும் கழிக்கச் சொல்லலாம். எண்ணிக்கை கிடைத்துவிடும். கழித்த ஒவ்வொன்றும், ஆங்கிலம் எங்கே தமிழிலிருந்து விலகுகிறது என்பதைப் பிள்ளைக்கே காட்டிக்கொடுக்கும். 'பிரேக்கு என்று சொல்லாதே' என்று அதட்டுவதைவிட, அதில் எந்த இரண்டு உயிர் நம்முடையவை என்று கேட்பது பலன் தரும்.

இந்த முறையால் ஆகாத வேலையும் உண்டு. ஆங்கிலச் சொல்லில் எத்தனை சிலபிள் என்பதற்கு அடுத்த கேள்வி, எது அழுத்தம் பெறுகிறது என்பது. 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் முதல் சிலபிள், 'ஃபோட்டோகிராஃபர்' என்பதில் இரண்டாவது, 'ஃபோட்டோகிராஃபிக்' என்பதில் மூன்றாவது. அழுத்தம் நகரும்போது விட்டுவந்த உயிர்கள் தேய்ந்து நிறம் மாறுகின்றன. தமிழில் சொல்லின் பொருளைப் பிரிக்கும் அழுத்தம் கிடையாது. குறில் நெடில் கனமே நமக்கு ஆதாரம். ஆகவே நம் பேச்சில் இந்த மூன்று சொல்லும் சம எடையோடு ஒலிக்கின்றன. கேட்கும் ஆங்கிலேயருக்குப் பிடிபடாமல் போவது பெரும்பாலும் இங்கேதான். கூடுதலாக ஓர் உகரம் சேர்ந்த பீமு யாரையும் குழப்புவதில்லை. இடம் மாறிய அழுத்தம் குழப்பிவிடும். நம் வகுப்புகளோ உகரத்தைத் திருத்துவதில் நேரத்தைச் செலவிட்டு, அழுத்தத்தைப் பாடத்தின் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவிடுகின்றன. எண்ணுவதற்குத் தமிழ் யாப்பைத் துணைக்கொண்டால் முதல் சில வாரங்களிலேயே அந்தப் பாடம் முடிந்துவிடும். மிஞ்சும் காலம் முழுவதையும் அழுத்தத்துக்குக் கொடுக்கலாம்.